வெட்டும் இடம் யார் கையில்?

விதைத் திருவிழாவுக்குப் போனாலும் சரி, பயிற்சி முகாமுக்குப் போனாலும் சரி, இப்போது ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "ஐயா, ஜீன் எடிட்டிங் நெல்லுன்னு சொல்றாங்களே, அது பி.டி. பருத்தி மாதிரிதானா? இல்ல வேற ஏதாவதா?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே இயற்கை விவசாயத்தில் இருப்பவர்கள். மீதிப் பேர் இனிமேல் இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள். இவர்களுக்கு 'எல்லாம் விஷம், தொடாதே' என்று ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அடுத்த ஊர்க் கூட்டத்தில் வேளாண் பட்டதாரி ஒருவர் எழுந்து நாலு கேள்வி கேட்டால் அந்த பதில் நிற்காது. அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். பாங்கில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பார்த்தவன் நான். எதையும் லெட்ஜரைத் திறந்து வரி வரியாகப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

முதலில் செய்தி. 2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் டெல்லியில் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று 'டி.ஆர்.ஆர். தான் 100'. இதற்குக் 'கமலா' என்றும் பெயர். ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. இன்னொன்று 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1', டெல்லி பூசா நிறுவனத்தினுடையது. முதலாவதன் தாய் ரகம் சம்பா மசூரி, அதாவது பி.பி.டி. 5204. நம்மூரில் ஆந்திரா பொன்னி என்று சொல்லி வாங்குகிறோமே, அதேதான். இரண்டாவதன் தாய் எம்.டி.யு. 1010. கமலாவில் 19 சதவீதம் கூடுதல் மகசூல், சுமார் 20 நாள் முன்னதாக அறுவடை என்றார்கள். பூசா ரகம் உவர், களர் நிலங்களில் 9.66 முதல் 30.4 சதவீதம் வரை கூடுதலாகத் தரும் என்றார்கள். மரபணு மாற்றமில்லா இந்தியாவுக்கான கூட்டணி இந்த மகசூல் கணக்கையே கேள்வி கேட்டிருக்கிறது. மகசூல் சண்டையை இந்தக் கட்டுரையில் நான் எடுக்கவில்லை. இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள், அடுத்து எங்கே போகப் பார்க்கிறார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஸ்ட்ராங் ரூமும் நகலும்

செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற பேரேடு இருக்கிறது. நெல்லின் பேரேட்டில் சுமார் 39 கோடி எழுத்துகள். எழுத்து என்றால் நாலே நாலுதான்: ஏ, டி, ஜி, சி. 12 குரோமோசோம்களில் பரவிக் கிடக்கும் இந்தப் பேரேட்டை 2005-ல் முழுசாகப் படித்து முடித்தார்கள். அதில் சுமார் 37,500 மரபணுக்கள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

பேரேடு ஸ்ட்ராங் ரூமை விட்டு வெளியே வராது. வேலை நடக்கும் இடத்துக்குப் போவது அதன் நகல். அந்த நகலுக்குப் பேர் ஆர்.என்.ஏ. அந்த நகலைப் படித்துத்தான் செல் புரதத்தைச் செய்கிறது. புரதம்தான் மாவாகவும் நிறமாகவும் வாசனையாகவும் செடியின் உயரமாகவும் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இங்கேதான் ஒரு விசித்திரம். எடுத்த நகலை அப்படியே படிக்க முடியாது. நடுநடுவே தேவையில்லாத பக்கங்கள் இருக்கும். அவற்றை வெட்டி எடுத்துவிட்டு, தேவையான பக்கங்களை மட்டும் சேர்த்து ஒட்ட வேண்டும். வெட்டி எறியும் பகுதி இன்ட்ரான், சேர்த்து வைக்கும் பகுதி எக்ஸான். இந்த வெட்டி ஒட்டும் வேலைக்கு ஸ்பிளைசிங் என்று பெயர். 1977-ல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஃபிலிப் ஷார்ப் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1993-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கே வெட்டுவது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? ஏறக்குறைய எல்லா இன்ட்ரானும் 'ஜி டி' என்ற இரண்டு எழுத்தில் ஆரம்பித்து 'ஏ ஜி' என்ற இரண்டு எழுத்தில் முடியும். அந்த அடையாளத்தைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்கென்றே யு1 என்று ஒரு குட்டி ஆர்.என்.ஏ. செல்லிலேயே இருக்கிறது. தன் எழுத்தும் அந்த இடத்து எழுத்தும் ஜோடி சேர்ந்தால் 'இங்கே வெட்டு' என்று காட்டும். அதாவது வழிகாட்டும் ஆர்.என்.ஏ. என்பது ஆய்வகத்தில் பிறந்த சரக்கு இல்லை. நம் வயலில் நிற்கும் ஒவ்வொரு நெற்பயிருக்குள்ளும் அது இந்த நிமிஷமும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

சோறு ஒட்டுவதும் உதிர்வதும்

இதற்கு நமக்கு நன்றாகப் புரியும் உதாரணம் சோற்றுப் பானையிலேயே இருக்கிறது. ஜப்பான்காரர் சாப்பிடும் அரிசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இரண்டு குச்சியை வைத்து அள்ள முடிகிறது. நம் சோறு உதிரி உதிரியாக இருக்கும். குழம்பு ஊற்றிப் பிசைந்தால்தான் சேரும். இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் அரிசி மாவில் உள்ள அமைலோஸ் என்ற பொருளின் அளவு. அமைலோஸ் கூடுதலாக இருந்தால் சோறு உதிரும், குறைந்தால் குழையும், அறவே இல்லாவிட்டால் பசை மாதிரி ஒட்டும்.

அமைலோஸைச் செய்யும் மரபணு நெல்லின் 6-வது குரோமோசோமில் இருக்கிறது. 'வாக்ஸி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்து இண்டிகா நெல்லில் பரவலாக இருப்பது இந்த மரபணுவின் ஒரு வடிவம், ஜப்பானிகா நெல்லில் இருப்பது இன்னொரு வடிவம். 1990-களில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முக்கியமான வேறுபாடு ஒரே ஓர் எழுத்து! முதல் இன்ட்ரானின் ஆரம்பத்தில் 'ஜி டி' இருக்க வேண்டிய இடத்தில் ஜப்பானிகாவில் 'டி டி' என்று இருந்தது. வெட்டும் இடத்தின் அடையாளம் கலைந்துபோனதால், எடுத்த நகல்களில் ஒரு பகுதிதான் சரியாக வெட்டப்படுகிறது. மீதி வீணாகிறது. புரதம் குறைகிறது, அமைலோஸ் குறைகிறது, சோறு ஒட்டுகிறது. யாரோ ஒரு பாட்டனோ பாட்டியோ பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், 'இந்தக் கதிரு சோறு நல்லா இருக்கு, இதையே விதைக்கு எடு' என்று சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு ஸ்பிளைசிங் தெரியாது, நாக்கு தெரியும்.

முழுக்க ஒட்டும் பசை அரிசியின் கதை வேறு. அங்கே அதே மரபணுவின் இரண்டாவது எக்ஸானில் 23 எழுத்துகள் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கின்றன. அதனால் படிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அந்த ஜப்பானிகா வடிவத்தில் வெட்டும் வேலை தட்பவெப்பத்தைப் பொறுத்து மாறுகிறது. பால் பிடிக்கும் சமயத்தில் குளிர் இருந்தால் வெட்டு கொஞ்சம் ஒழுங்காக நடந்து அமைலோஸ் கூடுகிறது. வெயில் அதிகமானால் குறைகிறது. அதே விதைதான், பட்டம் மாறினால் சோறு மாறுகிறது. வெட்டி ஒட்டும் வேலையைச் செடிகள் வெயிலுக்கும் குளிருக்கும் உப்புக்கும் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்கின்றன. ஒரே மரபணு நகலை ஒரு மாதிரி வெட்டினால் ஒரு புரதம், வேறு மாதிரி வெட்டினால் வேறு புரதம். செடிகளில் அடிக்கடி நடப்பது, ஓர் இன்ட்ரானை வெட்டாமல் அப்படியே விட்டுவிடுவது. 'இந்த ரகம் எங்க மண்ணுல ஒரு மாதிரி, அவங்க மண்ணுல ஒரு மாதிரி' என்று நம் பெரியவர்கள் சொல்வதற்கு உள்ளே இப்படியும் சில காரணங்கள் இருக்கின்றன.

தயிரிலிருந்து வந்த கத்திரிக்கோல்

சரி, செடி தானாகச் செய்வதை மனுஷன் தன் கைக்குக் கொண்டுவருவது எப்படி?

கிரிஸ்பர் என்ற கருவியின் பூர்வீகம் பாக்டீரியா. வைரஸ் தாக்கிப் பிழைத்த பாக்டீரியா, அந்த வைரஸின் எழுத்துகளில் ஒரு துண்டைத் தன் பேரேட்டிலேயே ஒட்டி வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை அதே வைரஸ் வந்தால் அந்தத் துண்டிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ. வழிகாட்ட, கூடவே வரும் புரதம் வைரஸை நறுக்கிவிடுகிறது. இப்படி ஒரு காவல் இருக்கிறது என்பதை 2007-ல் நிரூபித்தவர்கள் தயிர்த் தொழிலில் இருந்தவர்கள். டானிஸ்கோ என்ற டென்மார்க் கம்பெனியின் விஞ்ஞானிகள், தயிருக்குப் போடும் உறை பாக்டீரியாவை வைரஸ் தாக்குகிறதே என்று ஆராயப் போய்க் கண்டுபிடித்தது இது. அதை எந்த டி.என்.ஏ.வையும் வெட்டும் கருவியாக 2012-ல் மாற்றிக் காட்டியவர்கள் எம்மானுவேல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டௌட்னா. இருவருக்கும் 2020-ல் நோபல் கொடுத்தார்கள்.

இதில் கத்திரிக்கோல் காஸ்9 என்ற புரதம். எங்கே வெட்டுவது என்று சொல்வது வழிகாட்டி ஆர்.என்.ஏ. அதில் சுமார் 20 எழுத்துகள் முகவரி. பாங்கில் செக் வந்தால் என்ன செய்வோம்? ஸ்பெசிமன் கார்டை எடுத்துக் கையெழுத்தை ஒப்பிடுவோம். பொருந்தினால்தான் பணம். காஸ்9 அதே மாதிரி 39 கோடி எழுத்தில் தேடிப் பொருந்தும் இடத்தில் வெட்டுகிறது. செல் அந்த வெட்டை அவசர அவசரமாக ஒட்டும்போது ஓரிரு எழுத்து விட்டுப்போகிறது அல்லது கூடிவிடுகிறது. மரபணு கெட்டுப்போகிறது. கமலாவில் அப்படிக் கெடுத்தது சி.கே.எக்ஸ்.2 என்ற மரபணுவை. கதிரில் மணி எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருப்பது அது. பூசா ரகத்தில் கெடுத்தது டி.எஸ்.டி. என்ற மரபணுவை. இரண்டிலும் நடந்தது சுவிட்சை அணைத்தது, அவ்வளவுதான்.

கையெழுத்து கிட்டத்தட்டப் பொருந்தினாலே பணம் கொடுத்துவிடும் காசாளர் உண்டல்லவா? காஸ்9-க்கும் அந்தப் பழக்கம் உண்டு. 20 எழுத்தில் ஒன்றிரண்டு மாறியிருந்தாலும் சில இடங்களில் வெட்டிவிடும். முகவரியைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தவறு குறையும். பிறகு முழுப் பேரேட்டையும் திரும்பப் படித்துப் பார்த்தால் கண்டுபிடிக்கவும் முடியும். படித்துப் பார்க்க வேண்டும், அதுதான் விஷயம்.

அணைப்பதோடு நிற்காமல் அளவாகத் திருப்புவதற்குத்தான் வெட்டும் இடத்தைக் குறிவைக்கிறார்கள். 2020-ல் சீன ஆய்வாளர்கள் அதே வாக்ஸி மரபணுவை எடுத்தார்கள். அதன் முன்பகுதியிலும் முதல் இன்ட்ரான் வெட்டப்படும் இடத்திலும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வை அனுப்பி, எழுத்துகளை மாற்றினார்கள். அமைலோஸ் பல அளவுகளில் உள்ள நெல் வரிசைகள் கிடைத்தன. நம் முன்னோர் ஆயிரக்கணக்கான வருஷம் நாக்கால் தேர்ந்தெடுத்ததை இவர்கள் சில பருவங்களில் வரிசையாக அடுக்கிவிட்டார்கள். இதைச் சின்ன வேலை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதற்கும் ஒரு படி மேலே போனால் பேரேட்டைத் தொடவே தேவையில்லை. நகலில் மட்டும் கை வைக்கலாம். காஸ்13 என்ற புரதக் குடும்பம் டி.என்.ஏ.வை விட்டுவிட்டு ஆர்.என்.ஏ.வைத்தான் பிடிக்கும். 2018-ல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றை எடுத்து, அதன் வெட்டும் பல்லைப் பிடுங்கிவிட்டு, வழிகாட்டி ஆர்.என்.ஏ.வோடு மனித நரம்புச் செல்லுக்குள் அனுப்பினார்கள். அது நகலில் வெட்டும் இடத்தின் மேல் போய்க் குந்திக்கொண்டது. வாய்க்காலில் ஒரு மடையை மண் போட்டு அடைத்தால் தண்ணீர் அந்தப் பாத்தியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகுமே, அதே மாதிரி வெட்டும் இயந்திரம் அந்த எக்ஸானைத் தாண்டிப் போய்விட்டது. மறதி நோய் ஒன்றில் சமநிலை கெடும் டௌ என்ற புரதத்தை அப்படிச் சரிக்கட்டிக் காட்டினார்கள். மடையை அடைக்க உதவிய அந்தப் புரதம் எந்த பாக்டீரியா இனத்திலிருந்து வந்தது தெரியுமா? மாடு மாதிரி அசைபோடும் கால்நடைகளின் முதல் இரைப்பையில் வாழும் இனத்திலிருந்து. ஜீவாமிர்தம் கரைக்கும் நாம் மாட்டு வயிற்றைச் சும்மாவா கும்பிடுகிறோம்!

மருத்துவத்தில் இந்த வழி நல்ல பலன் தரலாம். வெட்டும் இடத்தைத் திருத்தும் மருந்து ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோயுள்ள குழந்தைகளுக்குத் தரும் நுசினர்சன் அப்படிப்பட்டது. அதற்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது வழிகாட்டி ஆர்.என்.ஏ. இல்லை, செயற்கையாகச் செய்த ஒரு சிறு எழுத்துத் துண்டு. ஆனால் செய்யும் வேலை அதே மடை அடைப்புதான். நடக்க முடியாத பிள்ளைக்கு இது உதவுகிறதென்றால் வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

களைக்கொல்லி வாசல் வழியாக

எனக்கு இதில் உறுத்துவது வேறு ஓர் ஆய்வு. 2019-ல் சவூதி அரேபியாவின் கிங் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற மண் பாக்டீரியா வகை ஹெர்பாக்ஸிடைன் என்று ஒரு பொருளைச் சுரக்கிறது. செடியின் வெட்டி ஒட்டும் இயந்திரத்தையே அது முடக்கிவிடும். அதனால் செடி வளராது. அதாவது களைக்கொல்லி குணம். ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்றால், நெல்லில் அந்த இயந்திரத்தின் ஒரு முக்கிய உறுப்பான எஸ்.எஃப்.3பி1 மரபணுவின் மேல் நூற்றுக்கும் மேற்பட்ட வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்களை வரிசையாக ஏவினார்கள். பிறகு அந்தப் பொருள் கலந்த ஊடகத்தில் வளர்த்தார்கள். எது சாகாமல் பிழைத்ததோ அதைப் பொறுக்கி எடுத்தார்கள். மருந்து அடித்தாலும் சாகாத நெல்.

ஆய்வாக இது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் வயலுக்கு வரும்போது இதன் அர்த்தம் நமக்குத் தெரியும். விதையும் களைக்கொல்லியும் ஒரே பையில் வரும். களையெடுக்க ஆள் கிடைக்காத ஊரில் அதை வாங்காமல் இருப்பது கஷ்டம். இது கற்பனையும் இல்லை. 2024-ல் பூசா நிறுவனம் பூசா பாஸ்மதி 1979, 1985 என்று இரண்டு களைக்கொல்லி தாங்கும் நெல்லை வெளியிட்டது. அவற்றில் கிரிஸ்பர் இல்லை, பழைய முறை மரபுப் பிறழ்ச்சிதான். ஆகவே அவை மரபணு மாற்றச் சட்டத்துக்குள் வரவில்லை. தொழில்நுட்பத்தின் பேர் எதுவாக இருந்தாலும் கடைசியில் நம் வரப்பில் வந்து நிற்பது மருந்து டப்பாதான் என்றால், நான் அந்த டப்பாவைத்தான் பார்ப்பேன்.

எழுதியவரே பாஸ் செய்யலாமா?

இனி சட்டத்துக்கு வருகிறேன். பி.டி. கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் ஜெய்ராம் ரமேஷ் தடை போட்டபோது ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டார்கள். 2022 மார்ச் 30 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை போட்டது. வெளியிலிருந்து புது மரபணு எதுவும் செடியில் மிஞ்சாத, சிறு எழுத்து மாற்றம் மட்டுமே உள்ள மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 1989 விதிகளின் 7 முதல் 11 வரையிலான பிரிவுகள் பொருந்தாது என்று விலக்குக் கொடுத்தது. பேரேட்டில் புதிதாக ஒரு முழு மரபணுவை நுழைத்தால்தான் பழைய கெடுபிடி.

அந்த 'மிஞ்சாத' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நெல்லில் இந்தத் திருத்தம் செய்யும் வழக்கமான முறையில், காஸ்9 புரதத்துக்கான மரபணுவையும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுவையும் முதலில் நெல்லுக்குள் நுழைத்தாக வேண்டும். அந்தக் கட்டத்தில் அது சுத்தமான மரபணு மாற்றுப் பயிர்தான். திருத்தம் முடிந்தபின் அடுத்த தலைமுறைகளில் அந்த அந்நிய மரபணு இல்லாத செடிகளைப் பிரித்தெடுக்கிறார்கள். கத்திரிக்கோலை வயிற்றுக்குள் விட்டுத் தையல் போட்டார்களா, எடுத்துவிட்டுப் போட்டார்களா என்று பார்ப்பது போன்ற விஷயம் இது. எடுத்துவிட முடியும் என்பது உண்மை. எடுத்தாயிற்றா என்று சரிபார்ப்பது யார்? முதலில் அந்தந்த நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் உயிரிப் பாதுகாப்புக் குழு.

பாங்கில் ஒரு வவுச்சரை எழுதியவரே அதை பாஸ் செய்ய முடியாது. மேக்கர் ஒருவர், செக்கர் ஒருவர். இருவரும் நல்லவர்களாகவே இருக்கலாம், சகோதரர்களாகக்கூட இருக்கலாம், ஆனால் கையெழுத்து இரண்டு வேண்டும். அதற்கு மேல் தணிக்கையாளர் வெளியிலிருந்து வருவார். நூறு ரூபாய்க்கு இருக்கிற ஒழுங்கு நாட்டின் நெல்லுக்கு வேண்டாமா? விஞ்ஞானிகள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லாதபடி ஏற்பாடு செய்வதுதான் தணிக்கை. முழு மரபணுப் படிப்பு முடிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடட்டும், விதைப்பையில் 'மரபணு திருத்தப்பட்டது' என்று அச்சடிக்கட்டும். இந்த இரண்டையும் கேட்பதில் அறிவியலுக்கு விரோதம் எதுவும் இல்லை.

காப்புரிமையையும் ஒரு வார்த்தை. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவின்படி செடிக்கும் விதைக்கும் காப்புரிமை கிடையாது. 2001-ம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பிராண்ட் போடாமல் விற்க நமக்கு உரிமை தருகிறது. ஆனால் கிரிஸ்பர் என்ற கருவியின் அடிப்படைக் காப்புரிமைகள் அமெரிக்காவின் பிராட் நிறுவனம், கலிபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இருக்கின்றன. வேளாண்மைக்கான உரிமங்களில் கோர்ட்டேவா என்ற விதைக் கம்பெனியின் கை ஓங்கியிருக்கிறது. சட்டம் நம் பக்கம் இருந்தாலும் வழக்கு நம் வாசலுக்கு வராது என்று இல்லை. குஜராத்தில் உருளைக்கிழங்கு போட்ட சிறு விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டு, எதிர்ப்பு கிளம்பிய பின் 2019 மே மாதம் வாபஸ் வாங்கியதை மறக்க வேண்டாம்.

நம் விதையில் கலந்துவிடுமா?

கூட்டத்தில் வந்த கேள்விக்கு இப்போது வருகிறேன். இயற்கை வேளாண் சான்றிதழில் மரபணு மாற்று விதைக்கு இடமில்லை. பக்கத்து வயலில் கமலா போட்டால் என் மாப்பிள்ளைச் சம்பா கெடுமா?

நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். பூ காலையில் கொஞ்ச நேரம்தான் திறக்கும், பெரும்பாலும் திறக்கும்போதே தன் மகரந்தம் விழுந்துவிடும். அயல் மகரந்தம் சேர்வது பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே. சான்று விதை உற்பத்திக்கே ரகத்துக்கு ரகம் 3 மீட்டர் இடைவெளி போதும் என்றுதான் விதி. ஆகவே காற்றைப் பார்த்துப் பயப்படுவதைவிட அறுவடை இயந்திரத்தைப் பார்த்துப் பயப்படுங்கள். முந்தின வயலின் நெல் அதன் வயிற்றில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். விதைக்கு வைக்கும் பகுதியைக் கையால் அறுத்து, தனியாக அடித்து, தனிக் களத்தில் காயப்போடுங்கள். முடியாவிட்டால் இயந்திரத்தில் வரும் முதல் சில மூட்டையை விதைக்கு எடுக்காதீர்கள். இரவல் சாக்கை உதறாமல் பயன்படுத்த வேண்டாம்.

கலவன் பிடுங்குவதைப் பூக்கும்போது ஒரு தரம், முற்றும்போது ஒரு தரம் செய்யுங்கள். மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் நிற்கும். நடுவில் ஒரு குட்டை ரகம் வந்தால் கண்ணில் படும். சிக்கல் யாருக்கு என்றால், பி.பி.டி.யையே இயற்கை முறையில் போட்டு விதை எடுத்து வைப்பவர்களுக்கு. கமலா அதன் பிள்ளை, சாயல் அப்படியே இருக்கும். சீக்கிரம் முற்றும் கதிர் ஒரு தடயம். வெளியில் விதை வாங்கினால் ரசீதில் ரகத்தின் முழுப் பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள். 'சன்ன ரகம்' என்று எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். விதைத் திருவிழாவில் பரிமாறும்போதும் நோட்டில் நான்கு விவரம் வேண்டும்: ரகம், யாரிடமிருந்து, எந்த வருஷம், எத்தனை கிலோ.

சாப்பிட்டால் ஆபத்தா என்றும் கேட்கிறார்கள். வெட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறிய அரிசியைத்தான் ஜப்பான் முழுக்கக் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள். எழுத்து மாறினாலே விஷம் என்று நான் மேடையில் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். நாம் கேட்க வேண்டியது லேபிளையும் தணிக்கையையும் விதை உரிமையையும்.

ஒரு வேலையும் கொடுக்கிறேன். பூங்கார் போன்ற, எல்லாப் பட்டத்துக்கும் வரும் ரகம் வைத்திருப்பவர்கள், வெயில் காலத்தில் பால் பிடித்த நெல்லையும் மார்கழிப் பனியில் பால் பிடித்த நெல்லையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். அறுவடைக்குப் பின் இரண்டையும் ஒரே அளவு மாதம் பழசாக விடுங்கள், ஏனென்றால் பழைய அரிசி வேறு மாதிரி வேகும். பிறகு ஒரே பானை, ஒரே அடுப்பு, ஒரே ஆள் வடிக்கட்டும். ஒரு படிக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிஷம், கஞ்சி எவ்வளவு கெட்டி, சோறு உதிர்ந்ததா ஒட்டியதா என்று ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடுங்கள். வந்ததையெல்லாம் அடுத்த குறுவைக்குள் ஓர் அட்டவணையாகப் போட்டு இதே இதழுக்குத் தருகிறேன்.